விரல்களில் குடியேறிய இலக்கணம்

நூலையும் நாடகத்தையும் இசையையும் திறனாய்வு செய்யும் வழக்கம் நம்மிடையே நன்கு வேரூன்றியிருக்கிறது. கருவிகளைத் திறனாய்வு செய்யும் வழக்கம் அவ்வாறு வேர்பிடிக்கவில்லை. தச்சரின் இழைப்புளியைப் பற்றியோ தையல் இயந்திரத்தைப் பற்றியோ எழுத நேர்ந்தால், அதன் விலையையும் பயனையும் குறிப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். ஆனால் நாள்தோறும் எட்டு மணி நேரம் ஒரு கருவியோடு உறவாடுபவருக்கு அது வெறும் பயன்பொருளாக நின்றுவிடுவதில்லை. அவருடைய கை அசையும் விதத்தையும், அதன் வழியே அவர் எண்ணும் விதத்தையும் அது சிறிது சிறிதாக வடிவமைத்து விடுகிறது. அப்படியாயின் அக்கருவியை ஒரு படைப்பாகவே கருதி, அதன் அமைப்பையும் அழகையும் குறையையும் எடைபோடுவதில் தவறென்ன? அத்தகைய முயற்சிக்கு நாம் தேர்ந்துகொண்டது 'விம்' என்னும் மென்பொருளை.

விம் என்றவுடன் நம்மில் பலருக்குப் பாத்திரம் துலக்கும் பொருள் நினைவுக்கு வருவது இயல்பே. இது வேறு. கணிப்பொறியில் எழுத்தை இடுவதற்கும் திருத்துவதற்கும் பயன்படும் 'எடிட்டர்' வகையைச் சேர்ந்தது இந்த விம். கடிதமும் அழைப்பிதழும் அடிக்க நாம் பயன்படுத்தும் சொற்செயலி போன்றதன்று. தடித்த எழுத்து, சாய்ந்த எழுத்து, பக்க ஓரம், படம் ஆகிய எவையும் இதில் இல்லை. எழுத்தும் வரியும் மட்டுமே உண்டு. நிரல் எழுதுவோரும், தொலைவிலுள்ள பெருங்கணிப்பொறிகளைப் பராமரிப்போரும், அலங்காரமற்ற வெற்று உரையை விரும்பும் சில எழுத்தாளர்களும் இதனைப் பயன்படுத்துகின்றனர். இதன் முதல் வெளியீடு 1991-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் நிகழ்ந்தது. இதன் மூதாதையாகிய 'வி.ஐ.' 1976-இல் கருக்கொண்டது. ஐந்தாண்டுகள் நிலைத்தாலே மூத்ததெனக் கருதப்படும் மென்பொருள் உலகில், ஏறத்தாழ அரை நூற்றாண்டாக ஒரே விசைகளை ஒரே பொருளில் அழுத்தும் மக்கள் கூட்டம் ஒன்று இருக்கிறது என்பது வியப்புக்குரியது. அந்த ஈர்ப்பு உண்மையானதா, அல்லது பழகிய தோஷமா என்பதே நம் கேள்வி.

முதன்முறை விம்மைத் திறப்பவர் அடையும் அனுபவம் இனிமையானதன்று. திரையில் எழுத்து எதையேனும் அடித்துப் பார்க்கிறார், எழுத்து விழுவதில்லை. அதற்கு மாறாக, இருந்த வரி ஒன்று மறைகிறது, குறிமுள் எங்கோ தாவுகிறது, அல்லது ஒலி மட்டும் எழுகிறது. இதன் காரணம் எளியது. விம்முக்கு நிலைகள் பல உண்டு. திறந்தவுடன் அது நிற்பது ஆணைகளை ஏற்கும் நிலையில். அங்கே ஒவ்வோர் எழுத்து விசையும் ஓர் ஆணை. ஐ என்னும் விசையை அழுத்திய பிறகே எழுதும் நிலை வருகிறது. எழுதி முடித்து எஸ்கேப் விசையைத் தொட்டால் மீண்டும் ஆணைநிலை. வெளியேறுவதற்கும் முக்காற்புள்ளி இட்டுக் கியூ என்று அடித்தாக வேண்டும். இது தெரியாமல் உள்ளே அகப்பட்டுக்கொண்டோர் எண்ணற்றோர். விம்மிலிருந்து வெளியேறுவது எப்படி என்று 2012-இல் ஒருவர் கேட்ட கேள்வியை 2017-க்குள் பத்து லட்சம் முறை மக்கள் திறந்து பார்த்திருந்தனர் என்பது கணிப்பொறித் துறையினர் சிரித்துக்கொண்டே சொல்லும் செய்தி. வாயிலில் நின்று விருந்தினரை இவ்வாறு வரவேற்கும் ஒரு வீட்டுக்கு இத்தனை உறவினர் எப்படிச் சேர்ந்தனர்?

விடை காண இதன் பிறப்பைச் சற்று நோக்க வேண்டும். தொடக்கத்தில் இருந்தது 'எட்' என்னும் திருத்தி. அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சன் 1969-இல் எழுதியது. அக்காலத்துக் கணிப்பொறியின் வாய் திரையன்று. காகிதத்தில் தட்டச்சிடும் தொலைதட்டச்சுப் பொறி. ஒவ்வோர் எழுத்தும் இரைச்சலோடும் தாமதத்தோடும் காகிதத்தில் இறங்கியது. ஆகவே எட் மௌன விரதம் பூண்டதுபோல் நடந்துகொண்டது. பிழையான ஆணை இட்டால் ஒரேயொரு கேள்விக்குறியை மட்டும் அச்சிடும். என்ன பிழை என்று சொல்லாது.

இலண்டனில் குவீன் மேரி கல்லூரியில் பணியாற்றிய ஜார்ஜ் கூலூரிஸ், எளியோரும் கையாளத்தக்க வகையில் எட்டைத் திருத்தி, 'எம்' என்னும் ஒன்றை 1976-இல் ஆக்கினார். சாவுக்குரிய சாதாரண மனிதருக்கான திருத்தி என்பது அப்பெயரின் விரிவு. எட்டைக் கையாளத் தேவர்களால் மட்டுமே இயலும் என்ற கிண்டல் அதற்குள் ஒளிந்திருக்கிறது. அக்கல்லூரிக்கு வந்த தாம்சன் எம்மைப் பார்த்துவிட்டு, திருத்தும்போது கோப்பின் நிலையைக் கண்ணால் காணும் தேவை தமக்கு இல்லை என்ற பொருளில் பேசியதாகக் கூலூரிஸ் பின்னாளில் நினைவுகூர்ந்தார். மனத்திலேயே முழு உரையையும் ஏந்தி நடமாடும் ஆற்றலுடையோர் சிலர் இருக்கவே செய்கின்றனர். மற்றவர்களுக்குத் திரை வேண்டியிருக்கிறது.

அதே 1976-ஆம் ஆண்டுக் கோடையில் கூலூரிஸ் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகம் சென்றார். அவருடைய எம்மைக் கண்ட மாணவர் பில் ஜாய், சக் ஹேலியோடு சேர்ந்து அதனை வளர்த்து, 'எக்ஸ்' என்னும் திருத்தியை ஆக்கினார். அதன் காட்சிநிலையே வி.ஐ. 1979-இல் பெர்க்லியின் யூனிக்ஸ் தொகுப்போடு அப்பெயரிலேயே அது பரவலாயிற்று.

இங்கே நாம் சற்று நின்று கணக்கிட வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ஜாய் தம் இல்லத்திலிருந்து பல்கலைக்கழகக் கணிப்பொறியோடு தொடர்புகொண்ட தொலைபேசி இணைப்பின் வேகம் 300 பாட். ஏறத்தாழ நொடிக்கு 30 எழுத்துக்கள். 24 வரிகளும் வரிக்கு 80 எழுத்துக்களும் கொண்ட ஒரு திரையை முழுவதுமாக நிரப்ப 1,920 எழுத்துக்கள் வேண்டும். அதாவது ஒரு நிமிடத்துக்கும் மேல். ஒரு சொல்லை மாற்றுவதற்காகத் திரையை மீண்டும் வரைந்தால், ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு நிமிடம் கைகட்டிக் காத்திருக்க வேண்டும். ஆகவே ஒவ்வோர் ஆணையும் ஓரிரு எழுத்துக்குள் அடங்க வேண்டும். திரையில் மாறிய பகுதி மட்டுமே மீண்டும் வரையப்பட வேண்டும். பயனாளி எங்கே செல்ல விரும்புகிறார் என்பதை ஒரே தாவலில் சொல்ல வேண்டும். வி.ஐ.யின் சுருக்கம் அழகியல் கொள்கையிலிருந்து பிறந்ததன்று, வறுமையிலிருந்து பிறந்தது. தாம் அதனை ஆக்கிய உலகம் இன்று அழிந்துபோய்விட்டது என்று ஜாயே பின்னர் ஒரு நேர்காணலில் ஒப்புக்கொண்டார்.

அவர் பயன்படுத்திய முனையம் ஏ.டி.எம்.-3ஏ என்னும் வகை. அதன் விசைப்பலகையில் தனி அம்பு விசைகள் இல்லை. எச், ஜே, கே, எல் என்ற நான்கு விசைகளின்மேல் இடம், கீழ், மேல், வலம் என்று அம்புக்குறிகள் பொறிக்கப்பட்டிருந்தன. இன்றும் விம் பயில்வோர் அந்த நான்கு விசைகளால்தான் நகர்கின்றனர். எஸ்கேப் விசை அக்கருவியில் இன்றைய டேப் விசை இருக்கும் இடத்தில், சுண்டுவிரலுக்கு அருகே இருந்தது. இன்றைய விசைப்பலகையில் அது எட்டாத மூலைக்குச் சென்றுவிட்டது. நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான முறை கையை அந்த மூலைக்கு நீட்டும் நிரலாளருள் பெரும்பாலோர், தாம் பணிவது நேரில் ஒருபோதும் கண்டிராத ஒரு பழைய பெட்டியின் அமைப்புக்கு என்பதை அறியார். இதனைத் தொடர்ச்சி என்று போற்றுவோர் உண்டு. நமக்கோ இது வெறும் விபத்தாகவே படுகிறது. பலர் கேப்ஸ் லாக் விசையை எஸ்கேப்பாக மாற்றிக்கொள்வது நியாயமான திருத்தம்.

நிற்க. வறுமை போய்விட்டது, இணைப்புகள் பல லட்சம் மடங்கு விரைவாகிவிட்டன. காரணம் மறைந்தபின் காரியமும் மறைந்திருக்க வேண்டும். மறையவில்லை. ஏனெனில் அச்சுருக்கத்துக்குள் ஓர் இலக்கணம் விளைந்திருந்தது.

விம்மின் ஆணைகள் மனப்பாடம் செய்யவேண்டிய ஒரு பட்டியல் என்று எண்ணுவோர் விரைவில் சலித்துவிடுகின்றனர். அவை பட்டியல் அல்ல, மொழி. டி என்பது அழிக்கும் வினை. சி என்பது மாற்றும் வினை. வை என்பது படியெடுக்கும் வினை. இவற்றின்பின் பெயர்ச்சொல் வர வேண்டும். டபிள்யூ என்பது சொல். பி என்பது பத்தி. எஸ் என்பது வாக்கியம். மேற்கோள்குறி என்பது மேற்கோளுக்குள் அடங்கிய பகுதி. 'உள்ளே', 'முழுவதும்' என்று வேறுபடுத்த ஐ, ஏ என்ற இரண்டு இடைச்சொற்கள். டி-ஏ-பி என்று மூன்று விசைகளைத் தொட்டால் குறிமுள் நிற்கும் பத்தி முழுவதும் நீங்குகிறது. சி-ஐ-மேற்கோள்குறி என்றால் மேற்கோளுக்குள் இருந்தவை மறைந்து, புதிய சொற்களுக்காக இடம் திறக்கிறது. எண்ணையும் சேர்க்கலாம், டி-3-டபிள்யூ என்பது மூன்று சொற்களை அழிக்கும். ஐந்து வினைகளையும் பத்துப் பெயர்களையும் அறிந்தவருக்கு ஐம்பது ஆணைகள் தாமாகவே கிடைத்துவிடுகின்றன. புதிய பெயர்ச்சொல் ஒன்றைக் கற்ற அன்றே, ஏற்கெனவே அறிந்த எல்லா வினைகளோடும் அது கூடி நடக்கிறது. குழந்தை மொழி பயில்வதும் இவ்விதமே அன்றோ.

இவற்றுள் மிகச் சிறியதும் நம் மதிப்பில் மிகச் சிறந்ததும் முற்றுப்புள்ளி. அவ்விசையை அழுத்தினால் கடைசியாகச் செய்த மாற்றம் அப்படியே மீண்டும் நிகழும். நூறு பெயர் கொண்ட முகவரிப் பட்டியல் ஒன்றில் சிலவற்றுக்கு மட்டும் முன்னொட்டை மாற்ற வேண்டும் என்று கொள்வோம். எல்லாவற்றையும் ஒருசேர மாற்றும் ஆணை இதற்கு உதவாது. ஒவ்வொன்றையும் கண்ணால் பார்த்துத் தீர்மானித்தாக வேண்டும். முதல் மாற்றத்தை ஒழுங்காகச் செய்துவிட்டு, அடுத்ததற்குத் தாவுவதற்கு ஒரு விசை, மாற்றுவதற்கு ஒரு புள்ளி என்று நடந்துகொண்டே போகலாம். தீர்மானம் மனிதருடையது, மீண்டும் மீண்டும் செய்யும் உழைப்பு இயந்திரத்துடையது. இந்தப் பங்கீட்டை இவ்வளவு நேர்மையாகச் செய்துகொடுத்த கருவி வேறொன்றை நாம் கண்டதில்லை.

ஆணைநிலையே இயல்புநிலையாக இருப்பதன் நியாயமும் இங்கே விளங்குகிறது. எழுதுபவர் தம் நேரத்தில் பெரும்பகுதியைப் புதிதாக எழுதுவதில் செலவிடுவதில்லை. எழுதியதைப் படிக்கிறார், தேடுகிறார், இடம் மாற்றுகிறார், அடித்துத் திருத்துகிறார். வேறு திருத்திகள் எழுதுவதையே முதன்மையாகக் கொண்டு, திருத்துவதற்கு இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தும் சிரமத்தையும் சுட்டெலியையும் தருகின்றன. விம் அதனைத் தலைகீழாக்கியது.

தமிழர் செவிக்கு இவ்விலக்கணத்தில் ஒரு நெருடல் உண்டு. 'அழி சொல்லை' என்னும் ஆங்கில வரிசை இது. நம் மொழியில் செயப்படுபொருள் முந்தி, வினை பிந்தி வரும். பிற்காலத்தில் தோன்றிய ககூன் என்னும் திருத்தி நம் வரிசையையே கைக்கொண்டது. முதலில் பகுதியைத் தேர்ந்துகொள்ள வேண்டும், பிறகே செயல். இதில் ஒரு நன்மை தெளிவானது: எது அழியப்போகிறது என்பதை அழிப்பதற்கு முன்பே கண்ணால் காணலாம். கொள்கையளவில் இதுவே சிறந்த வரிசை என்பது நம் கருத்து. ஆயினும் விம்மின் புள்ளிக்கு இணையான எளிமை அவ்வரிசையில் எளிதில் அமைவதில்லை.

தமிழில் எழுதுவோருக்கு இதைவிடக் கடுமையான தடை ஒன்று இருக்கிறது. கணிப்பொறியின் விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றி எழுதிக்கொண்டிருக்கிறோம். எஸ்கேப்பை அழுத்தி ஆணைநிலைக்கு வருகிறோம். விசைப்பலகையோ இன்னும் தமிழிலேயே இருக்கிறது. ஜே என்னும் விசையைத் தொட்டால் ஒரு தமிழெழுத்துப் பிறக்கிறது. அவ்வெழுத்தை ஆணையாக ஏற்க விம்முக்குத் தெரியாது. ஒவ்வொரு முறையும் மொழியை மாற்றியாக வேண்டும். எழுதும் நிலைக்கு மட்டும் வேறொரு விசையமைப்பை ஏற்கும் வசதி விம்முக்குள்ளேயே உண்டு என்பது உண்மை. விம்முடன் வழங்கப்பட்டு வரும் தமிழ் அமைப்போ, யூனிகோடு நிலைபெறுவதற்கு முன் வழங்கிய திஸ்கி குறிமுறைக்குரியது. எல்லா எழுத்தும் ஒரே அகலமுள்ள கட்டங்களில் நிற்கும் என்று எதிர்பார்க்கும் முனையத் திரையில் நம் 'ஞௌ'வும் 'ர'வும் எப்படி ஒழுங்காக அமரும்? ஆங்கில விசைப்பலகையின்மேல் எழுந்த மாளிகை இது. அதன் இலக்கணத்தைப் புகழும்போது, அவ்விலக்கணம் எவர் கைகளுக்காக அமைந்தது என்பதையும் சொல்லிவிடுவது திறனாய்வாளரின் கடமை.

இனி, நாம் தொடக்கத்தில் எழுப்பிய ஐயத்துக்கு வருவோம். இந்தப் பற்று, பெரும்பாடு பட்டுக் கற்றதைக் கைவிட மனமில்லாத பிடிவாதம்தானோ? விம் பயன்படுத்துவோரிடம் ஒருவகைத் தற்பெருமை உண்டு என்பதை மறுக்க இயலாது. புதிதாக வருவோர் இடர்ப்படுவதைக் கண்டு புன்னகைக்கும் மூத்தோர் எல்லாக் கலைகளிலும் இருப்பது போல் இங்கும் உள்ளனர். ஈமேக்ஸ் என்னும் போட்டித் திருத்தியின் ஆதரவாளரோடு அவர்கள் பல பத்தாண்டுகளாக நடத்திவரும் சொற்போர், பாதி வேடிக்கையும் பாதி வீம்புமாக இன்றும் தொடர்கிறது.

எனினும் இந்த ஐயத்தைச் சோதிப்பதற்கு ஒரு வழி இருக்கிறது. விம்மை விட்டு வெளியேறியோர் எதனை உடன் எடுத்துச் சென்றனர் என்று பார்க்க வேண்டும். விஷுவல் ஸ்டூடியோ கோட் போன்ற புதிய திருத்திகளுக்குச் சென்றோர் அவற்றுள்ளும் விம்மின் விசைகளை நிறுவிக்கொள்கின்றனர். ஜெட்பிரெய்ன்ஸ் நிறுவனத்தின் திருத்திகளுக்கும் அவ்வாறே ஒரு செருகுநிரல் உண்டு. பகைவர் பாசறையாகிய ஈமேக்ஸுக்குள்ளும் அது நுழைந்துவிட்டது. அங்கே அதற்கு 'ஈவில்', அதாவது தீமை, என்றே பெயரிட்டிருக்கின்றனர். வெறும் பிடிவாதமே காரணமாக இருந்திருந்தால், வீட்டை மாற்றியவர்கள் பழைய பழக்கத்தையும் சில மாதங்களில் உதறியிருப்பர். அவர்களோ மென்பொருளைத் துறந்து மொழியை மட்டும் சுமந்து செல்கின்றனர். ஆகவே ஈர்ப்பின் பெரும்பகுதி அம்மொழியில் இருக்கிறது என்று நாம் துணிந்து கூறலாம்.

மொழியை எங்கும் கொண்டுசெல்லலாம் என்றால், விம் என்னும் அந்த மென்பொருளையே இன்னும் பற்றிநிற்போர் எதைக் கருதி நிற்கின்றனர்? இதற்கு விடை சொல்ல அதனை ஆக்கியவரைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

பிராம் மோலனார் 1961-இல் நெதர்லாந்தில் பிறந்தவர். 1988-இல் அமிகா என்னும் கணிப்பொறி ஒன்றை வாங்கினார். அதில் வி.ஐ. கிடையாது. எட்டின் நிரலை உட்கொண்டிருந்த வி.ஐ. உரிமக் கட்டுக்குள் இருந்ததால், அதனைத் தழுவிப் பலர் போலிகளை எழுதிவந்த காலம் அது. அவற்றுள் ஸ்டீவி என்ற ஒன்றை எடுத்து மோலனார் செப்பனிடத் தொடங்கினார். 1991-இல் அது பிரெட் ஃபிஷ் என்பார் தொகுத்து வழங்கிய இலவச மென்பொருள் வட்டுக்களுள் 591-ஆம் வட்டில் வெளிவந்தது. விம் என்ற பெயருக்கு முதலில் 'வி.ஐ.யின் போலி' என்பதே விரிவு. 1993-இல் அது 'மேம்பட்ட வி.ஐ.' என மாறியது. முன்னெழுத்துக்கள் மாறாமலேயே பொருள் உயர்ந்துவிட்டது.

மேம்பாடு வெறும் பெயரளவில் நிற்கவில்லை. பழைய வி.ஐ.யில் கடைசிச் செயல் ஒன்றை மட்டுமே மீட்க முடியும். விம்மிலோ தொடக்கம்வரை பின்னோக்கிச் செல்லலாம். 1998-இல் வந்த ஐந்தாம் பதிப்பு நிரலின் உறுப்புகளை வண்ணங்களால் வேறுபடுத்திக் காட்டியது. 2006-இல் வந்த ஏழாம் பதிப்பில் ஒரு நுட்பம் சேர்ந்தது: சில மாற்றங்களை மீட்டுவிட்டு வேறு வழியில் எழுதத் தொடங்கினாலும், கைவிட்ட அந்தப் பழைய வழி அழிவதில்லை, கிளையாக நின்று காத்திருக்கிறது. எழுதியதை அடித்துவிட்டு மறுநாள் அதற்காக ஏங்கிய அனுபவம் உடையோர் இதன் அருமையை அறிவர். மின்சாரம் திடீரென நின்றாலும் உரையை மீட்பதற்காக ஒரு பக்கக் கோப்பில் மாற்றங்களை அவ்வப்போது எழுதிவைத்துக்கொள்ளும் பழக்கமும் விம்முக்கு உண்டு. இத்தனை சேர்க்கைகளுக்கிடையே, 1979-இல் வி.ஐ. கற்ற ஒருவர் இன்று விம்முன் அமர்ந்தால் அவருடைய விரல்கள் தடுமாறா. பயனாளரின் நினைவைத் தம் சொத்தாகக் கருதாமல் அவர்களுடைய சொத்தாகவே மதித்த பண்பு இது. ஆண்டுதோறும் பொத்தான்களை இடம்மாற்றி அதனைப் புதுமை என்று விற்கும் நிறுவனங்களிடம் காணக் கிடைக்காத பண்பு.

விம்முக்கு விலையில்லை. ஆனால் கோப்பின் பெயர் எதுவும் தராமல் அதனைத் திறந்தால், வரவேற்புத் திரையில் ஒரு வரி நிற்கும்: உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று. 1994-இல் மோலனார் தெற்கு உகாண்டாவில் ராக்காய் மாவட்டத்திலுள்ள கிபாலே என்னும் ஊரில், குழந்தைகள் மையம் ஒன்றில் ஓராண்டு தங்கித் தண்ணீர், சுகாதாரப் பணிகளைச் செய்தார். எய்ட்ஸ் நோய் பெற்றோரைக் கொண்டுபோய், பிள்ளைகளைப் பாட்டிமாரிடமும் அயலாரிடமும் விட்டுச்சென்ற பகுதி அது. நாடு திரும்பியபின் அம்மையத்துக்குப் பொருள் திரட்ட ஓர் அறக்கட்டளையை நெதர்லாந்தில் நிறுவி, தம் மென்பொருளை 'அறப்பொருள்' என்று அறிவித்தார். பயன்படுத்துவோர் எவரும் எதுவும் தரக் கடமைப்பட்டவரல்லர். மனமிருந்தால் தமக்கன்று, அக்குழந்தைகளுக்குத் தரலாம்.

நம் கோவில் வாசல் உண்டியலைப் பற்றி நாம் அறிந்த உண்மை இவ்வரிக்கும் பொருந்தும்: நாள்தோறும் கடந்துசெல்வோர் கண்ணுக்கு அது விரைவில் மறைந்துவிடுகிறது. விம் பயன்படுத்தும் பெரும்பாலோர் கோப்பின் பெயரோடுதான் அதனைத் திறக்கின்றனர். அவர்களுக்கு அவ்வரி தோன்றுவதே இல்லை. பிறர் துயரைச் சுட்டும் ஒற்றை வரி, நிரல் எழுதும் பரபரப்பில் உண்மையான இரக்கத்தை எழுப்புமா, அன்றி அலங்காரமாக நின்றுவிடுமா என்று வினவுவோருக்கும் நியாயம் இருக்கிறது. ஆனால் மோலனார் அதனை வாசகமாக எழுதிவைத்துவிட்டு அகன்றவரல்லர். மையத்தின் நிலையை நேரில் கண்டு, அங்கே செலவாகும் பணத்தைப் பற்றிக் கொடையாளருக்கு எழுதிவந்தார். விம்மின் எதிர்கால வசதிகளுள் எதற்கு முன்னுரிமை என்று வாக்களிக்கும் உரிமையைப் பணம் தந்தோருக்கு அளித்தார். அப்பணமும் உகாண்டாவுக்கே சென்றது. கருவியை விற்காமலும், அதனைத் தம் புகழுக்கு மேடையாக்காமலும், அதன்மீது மக்கள் கொண்ட நன்றியை வேறொரு திசைக்குத் திருப்பிவிட்டார். இந்த ஈர்ப்பை அளவிட நம்மிடம் கருவி இல்லை. ஆயினும் விம்மை விட்டுப் பிரியாதோர் பலரின் பேச்சில் இது தலைகாட்டாமல் இருந்ததில்லை.

குறையையும் சொல்லவேண்டும். இருபது ஆண்டுகளுக்கு மேலாக ஒவ்வொரு மாற்றமும் ஒரே மனிதரின் கைவழியாகவே விம்முக்குள் நுழைந்தது. அதனால் ஒருமைப்பாடு கிடைத்தது, கதவும் குறுகியது. பின்னணியில் வேறு பணிகளை நடத்திக்கொண்டே திருத்தும் வசதிக்காகத் தியாகோ டி அருடா அளித்த பெரிய மாற்றம் ஏற்கப்படவில்லை. 2014-இல் அவர் நியோவிம் என்னும் கிளையைத் தொடங்கினார். 2016-இல் விம்மின் எட்டாம் பதிப்பு அதே வகை வசதியோடு வந்தது. போட்டி எழுந்திராவிட்டால் அது எப்போது வந்திருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை. 2022-இல் வந்த ஒன்பதாம் பதிப்போ, விம்முக்குள் மட்டுமே வழங்கும் ஒரு புதிய நிரல்மொழியைத் தந்தது. நியோவிம் உலகெங்கும் அறிந்த லுவா மொழியைத் தழுவிக்கொண்டபோது, மோலனார் தம் கடைசி ஆண்டுகளின் உழைப்பைத் தனிமொழி ஒன்றுக்கு ஈந்தது நமக்குச் சரியான தீர்ப்பாகத் தோன்றவில்லை.

பிரிந்துசென்ற நியோவிம்மின் வரவேற்புத் திரையில் பெயர் மாறியது, முகவரி மாறியது, உதவிக் குறிப்புகள் மாறின. உகாண்டாவின் குழந்தைகளைப் பற்றிய வரியை அவர்கள் நீக்கவில்லை.

2023-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 3-ஆம் நாள் மோலனார் தம் 62-ஆம் வயதில் நோயுற்று மறைந்தார். நீண்டகாலமாக விம்முக்குப் பங்களித்துவந்த கிறிஸ்டியன் பிரபாண்ட் பொறுப்பை ஏற்க, வேறு சிலரும் துணைநின்றனர். ஒரு மனிதரின் கையிலிருந்த திறவுகோல் ஒரு குழுவின் கைக்கு வந்தது. 2024-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் நாள் 9.1 என்னும் பதிப்பு வெளியாயிற்று. அதனை மறைந்தவருக்குக் காணிக்கையாக்கினர். அதில் பெரும் புதுமைகள் இல்லை. பிழைகள் களையப்பட்டிருந்தன, சிறு வசதிகள் சேர்ந்திருந்தன, விசைகள் இருந்த இடத்திலேயே இருந்தன.